ஹாவோரைமாவுக்கு ஒரு பங்கு

இஞ்சாருங்கோ,

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து இன்று நான்காம் நாள். இனி மச்சம் சமைக்கலாம் என்று ஐயர் சொல்லிவிட்டுப் போயும் எனக்கு மனம் வரவில்லை. மகள்தான் விடவில்லை. "மரக்கறி திண்டு திண்டு நீங்கள் நல்லா மெலிஞ்சு போனியள் அம்மா" என்று ஆசியக் கடைக்குப் போய், கருவாடு என்று நினைத்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். சட்டியில் போட்டதும் எழும்பிய மணம் கருவாட்டு மணம் இல்லை. அது புளிக்கவைத்த மீன். பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறக்க ஓடினாள். நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். ஜெர்மனியில், பான் நகரத்தில், மேம்சாவின் வீட்டுக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தபோது என் முகத்தில் அடித்தது இதே மணம்தான்.

உங்களுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்திருக்கும். எண்பத்தாறாம் ஆண்டு, இளவேனில். நான் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, எல்லை தாண்டி, ஒருவாறு பான் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தேன். நீங்கள் ஸ்டேஷனில் நின்றீர்கள். எனக்கு அனுப்பிய படத்தில் இருந்த தலைமயிரில் பாதியை வழியில் எங்கோ தொலைத்திருந்தீர்கள். பேசிச் செய்த கலியாணம், படத்தைப் பார்த்துச் சம்மதித்தது. நீங்கள் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "நீர் சாப்பிட்டனீரோ?" என்று மட்டும் கேட்டீர்கள்.

நீங்கள் நான்கு பெடியளோடு ஒரே அறையில் இருந்தீர்கள். கலியாணம் முடியுமட்டும் என்னை அங்கே வைத்திருக்க முடியாது என்று, உங்களோடு உணவகத்தில் வேலை செய்த மேம்சாவின் வீட்டில் கொண்டுபோய் விட்டீர்கள். மேம்சா மணிப்பூர்க்காரி, இம்பாலில் பிறந்தவள். பகலில் பல்கலைக்கழகத்தில் தாவர ஆராய்ச்சி, மாலையில் உணவகத்தில் மேசை துடைப்பு. நீங்கள் பின்னுக்குக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தீர்கள். அவள் சமைத்தால் மாடியில் இருக்கும் வீட்டுக்காரி கீழே இறங்கி வந்து, குழாய் ஏதும் வெடித்துவிட்டதா என்று கேட்பாள். எனக்கும் அவளுக்கும் இடையில் இருந்தது பள்ளிக்கூட ஆங்கிலம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டே நாங்கள் நாள் முழுக்கக் கதைத்தோம்.

கலியாணப் பதிவுக்கு டெர்மின், இந்த நாளில் வா என்று கந்தோர் குறித்துத் தரும் நாள், கிடைத்திருந்தது. எத்தனை பத்திரம், எத்தனை மொழிபெயர்ப்பு, எத்தனை முத்திரை என்று மாதக்கணக்காக நீங்கள் அலைந்து எடுத்த டெர்மின் அது. அது இருந்தபடியால்தான் என்னை அகதி முகாமுக்கு அனுப்பாமல் மேம்சாவின் விலாசத்தில் இருக்க விட்டார்கள். அது தவறினால் நான் எந்த ஊர் முகாமுக்குப் போவேன் என்று சொல்ல ஆளில்லை.

டெர்மினுக்குப் பதினேழு நாள் இருக்கும்போது ஊரிலிருந்த என் சிநேகிதியிடமிருந்து கடிதம் வந்தது. தேவன் ஆமியின் செல்லடியில் செத்துப்போனார். கடிதம் என் கைக்கு வரும்போதே ஒன்பது நாளாகிவிட்டது. சந்தியில் நின்றாராம். அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

தேவனைப் பற்றி உங்களுக்கு நான் எழுதியதில்லை, சொன்னதுமில்லை. ரியூட்டரியில் கணக்குப் படிப்பித்தவர். மூன்று வருஷமாக நாங்கள் விரும்பியிருந்தோம். சாதி வேறு என்று வீட்டில் பூட்டிவைத்து, அந்தச் சூட்டோடுதான் என்னை உங்களுக்குப் பேசி விமானம் ஏற்றினார்கள். அவருடைய வீட்டில் எட்டாம் நாள் எட்டுச் செலவும் நடந்திருக்கும், அழுதிருப்பார்கள், ஊரே போய் வந்திருக்கும். நான் யார் அவருக்கு? மனைவி இல்லை, மச்சாள் இல்லை, தூரத்துச் சொந்தம்கூட இல்லை. அழுவதற்கு ஓர் உறவுமுறை வேண்டுமே. எனக்கு அது இல்லை.

ஆனாலும் நான் துடக்குக் காத்தேன், செத்த வீட்டுக்காரர் காக்கும் தீட்டை. யாரும் சொல்லவில்லை, கேட்டால் சொல்ல ஒரு நியாயமும் இல்லை. மேம்சா எனக்குத் தந்த யன்னல் தட்டில் பிள்ளையார் படத்துக்கு முன் தினமும் கொளுத்துகிற விளக்கைக் கொளுத்தவில்லை. படத்தைத் தொடவில்லை. மச்சம் தின்னவில்லை. விரலை மடித்து நாளை எண்ணினேன். துடக்குக் கழியும் முப்பத்தொன்று எப்போது வரும் என்று பார்த்தால், கலியாண டெர்மின் இருபத்தாறாம் நாளில் விழுந்திருந்தது. ஐந்து நாள் முந்தி. அந்த ஐந்து நாளை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை நீங்கள் இரண்டு வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் ஓடி வந்தீர்கள். கையில் கூறைச்சேலைப் பெட்டி, சட்டைப் பைக்குள் தாலிக்கொடி. பிள்ளையாருக்கு முன் வைத்து எடுக்கச் சொன்னீர்கள்.

"நான் தொட ஏலாது. நீங்களே வையுங்கோ" என்றேன்.

உங்கள் காது சிவந்ததை நான் பார்த்தேன். வேறு ஒன்றும் கேட்காமல் நீங்களே வைத்து, நீங்களே கும்பிட்டு, படியில் தடக்கி விழப் பார்த்துப் போனீர்கள். அடுத்த புதன் மறுபடி வந்தீர்கள். நான் மறுபடி, "இண்டைக்கும் ஏலாது" என்றேன். உங்கள் முகத்தில் பயம் வந்துவிட்டது.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, உங்கள் செத்த வீட்டில் இருந்துகொண்டு. அடுத்த நாள் காலை மேம்சா என்னை உடுப்பு மாற்றச் சொன்னாள். எங்கே என்றேன்.

"பெண்கள் டாக்டரிடம். டெர்மின் எடுத்துவிட்டேன். உனக்கு ஒரு கிழமைக்கு மேலாகியும் நிற்கவில்லையாமே. அந்த மனிதன் நேற்றுக் கோப்பை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. ஆங்கிலமும் வரவில்லை, ஜெர்மனும் வரவில்லை. கையால் காட்டவும் வெட்கம். அவன் என்ன சொல்கிறான் என்று விளங்கவே எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது."

பெண் சாமிப் படத்தைத் தொடமாட்டேன் என்றால் எங்கள் ஊர் ஆண்பிள்ளைக்கு அதற்கு ஒரே காரணம்தான் தெரியும், மாதத் துடக்கு. அது ஐந்து நாளில் முடியவேண்டும், முடியவில்லை, ஆகவே ஏதோ வருத்தம், நோய். நீங்கள் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். நான் சிரிக்கத் தொடங்கினேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியாது. கடிதம் வந்து பதினொரு நாள் கழித்து அன்றுதான் முதன்முதலாகச் சத்தமாக அழுதேன். மேம்சாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என்னைத் தேற்றவில்லை. தேத்தண்ணி வைத்தாள். வைத்துவிட்டு, "உன்னைப் போன்றவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு தெய்வம் இருக்கிறாள்" என்றாள்.

ஹாவோரைமா என்பது அந்தத் தெய்வத்தின் பெயர். மலையிலிருந்த ஒரு பெண். ஒருவனை விரும்பினாள். இருவரும் சேரவில்லை. அதற்குமேல் வீட்டுக்கு வீடு கதை மாறும் என்றும், தன் அத்தை சொன்னதைத்தான் தான் சொல்வதாகவும் மேம்சா முதலிலேயே சொல்லிவிட்டாள். அத்தை சொன்னபடி, செத்த பிறகும் அவளுடைய உயிர் அடங்காமல் அவனைத் தேடி அலைந்தது. பள்ளத்தாக்குச் சனம் பயந்தார்கள். பயந்தவர்கள் அவளை விரட்டிவிடாமல் தெய்வமாக வைத்துக்கொண்டார்கள். சேராமல் செத்த காதலர் எவராக இருந்தாலும் அந்த உயிர்களுக்கு அவள்தான் பொறுப்பு.

"அவளிட்டை என்ன கேப்பியள், சேர்த்து வை எண்டோ?" என்று நான் கேட்டேன்.

மேம்சா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அதை அவளிடம் எப்படிக் கேட்பது? அவளாலேயே சேர முடியவில்லையே. பிரிந்து போனவனைப் பார்த்துக்கொள் என்று கேட்போம். அவளுக்குத்தான் அந்த வலி தெரியும்."

எங்கள் ஊரில் நாங்கள் சாமிகளைச் சும்மா விடுவதில்லை. வருஷா வருஷம் திருக்கல்யாணம் செய்து, தாலி கட்டி, ஊஞ்சலில் வைத்து ஆட்டாவிட்டால் எங்களுக்குத் திருப்தி வராது. இங்கே ஒருத்தி விரும்பினாள், தோற்றாள், செத்தாள், தெய்வமானாள். தெய்வமான பிறகுகூட அவளுக்கு யாரும் கலியாணம் செய்துவைக்கவில்லை. தோற்றதை அப்படியே வைத்துக் கும்பிட்டார்கள். அந்தச் சனத்தின்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. அவள்மேல் வந்தது மரியாதை மட்டும் இல்லை. என் பக்கத்தில் ஒருத்தி வந்து இருந்ததுபோல இருந்தது.

"நான் அவனுக்குச் சொல்லமாட்டேன். சொல்வதென்றால் நீதான் சொல்லவேண்டும்" என்றாள் மேம்சா. பிறகு டாக்டரின் டெர்மினைத் தொலைபேசியில் நிறுத்தினாள்.

அன்று பின்னேரம் நீங்கள் வந்தபோது றைன் ஆற்றங்கரைக்கு நடக்கலாமா என்று நான் கேட்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. கூட நடந்து வந்தீர்கள். கரையில் வாங்குப் பலகையில் இருந்ததும் நான் ஹாவோரைமாவின் கதையைச் சொன்னேன். தேவனின் கதையைச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை, ஆகவே அவளுடையதைச் சொன்னேன். மலை, பெண், சேராமல் போனது, உயிர் அலைந்தது எல்லாம் சொன்னேன். முடித்துவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சரக்குப் படகு போய் மறைந்தது. பிறகு கேட்டீர்கள்.

"எத்தினையாம் நாள்?"

நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. "இருபது" என்றேன்.

"பேர் என்ன?"

"தேவன்."

"என்ன செய்தவர்?"

"ரியூட்டரியில கணக்குப் படிப்பிச்சவர்."

"அதுதான் விளக்குக் கொளுத்தேல்லை" என்றீர்கள். பிறகு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, நான் உம்மை டொக்டரிட்டை அனுப்பப் பாத்தனான்" என்றீர்கள். இருவரும் சிரித்தோம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சிரிப்பு பிறகு சிரித்ததில்லை. சிரித்து முடிய நீங்கள் எழுந்து நின்றீர்கள். இந்த ஆள் இப்போது நடந்து போய்விடுவார், என் கதை இதோடு சரி என்று நான் நினைத்தேன்.

"டெர்மினை மாத்துவம். துடக்கோட தாலி ஏறக்கூடாது" என்றீர்கள், ஏதோ எல்லோருக்கும் தெரிந்த ஒரு விதியைச் சொல்வதுபோல.

"வேண்டாம். பிறகு எப்ப கிடைக்குமோ தெரியாது. என்னை எங்கயும் அனுப்பிப்போடுவாங்கள். எனக்கென்ன உரித்து? நான் அவரின்ர மனுசி இல்லையே."

"நீர் காக்கிறீர் எல்லோ. பிறகென்ன?"

அவ்வளவுதான் சொன்னீர்கள். அதைவிடப் பெரிய வார்த்தையை எந்த ஆணும் எந்தப் பெண்ணுக்கும் சொல்லியிருப்பான் என்று நான் நம்பவில்லை. அப்போது அதை உங்களிடம் சொல்லத் தெரியவில்லை, குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் நீங்கள் போய் டெர்மினை நிறுத்திவிட்டு வந்தீர்கள். பிறப்புப் பத்திரத்தில் முத்திரை பிழை என்று கந்தோரில் சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னீர்கள். அறையிலிருந்த பெடியளுக்கும் அதையேதான் சொன்னீர்கள். அவர்கள் நம்பவில்லை. "பொம்பிளைக்கு உம்மட மொட்டை பிடிக்கேல்லைப் போல" என்று மாதக்கணக்காகப் பகிடி பண்ணினார்கள். நீங்கள் தலையைத் தடவிக்கொண்டு, "இருக்கும், இருக்கும்" என்றீர்களாம்.

முப்பத்தோராம் நாள் ஒரு திங்கள், உணவகம் பூட்டு. விடிந்ததும் பையோடு வந்து நின்றீர்கள். "தேவனுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டீர்கள். பாணும் சம்பலும், உருளைக்கிழங்குப் பிரட்டலும் என்றேன். என்னை அடுப்புப் பக்கம் வரவிடவில்லை. காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுபாலில் ஊறவைத்து, மேம்சாவின் உரலில் இடித்து நீங்களே சம்பல் செய்தீர்கள். உப்புக் கூடிவிட்டது. மேம்சா பக்கத்தில் நின்று, தன் அத்தை ஹாவோரைமாவுக்கு வைக்கும் பங்கை வீட்டுக்குள் வைப்பதில்லை, வெளியே கொண்டுபோய்த்தான் வைப்பாள் என்றாள். ஆகவே றைன் கரைக்கே போனோம். வாழையிலைக்கு எங்கே போவது? இரண்டு கோவா இலையை, முட்டைக்கோஸ் இலையை, விரித்தோம். ஒன்று தேவனுக்கு, மற்றது அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளுக்கு. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேவாரம் பாடினீர்கள். ஓடப் பயிற்சிக்கு வந்தவர்கள் கரையில் நின்று பார்த்தார்கள். உங்களுக்குப் பாட்டு வராது. ஆனாலும் முழுக்கப் பாடினீர்கள்.

காகத்தைக் கூப்பிட்டோம். வரவில்லை. ஒரு அன்னம் தண்ணீரிலிருந்து தத்தித் தத்தி ஏறி வந்து, உருளைக்கிழங்கை முதலில் தின்றது.

"வாத்தியார் எல்லோ, காகமாய் வருவாரே?" என்றீர்கள் நீங்கள். மேம்சாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவளும் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். வீட்டுக்கு வந்து முழுகிவிட்டு நான் விளக்குக் கொளுத்தினேன்.

நான் பயந்ததுதான் நடந்தது. அடுத்த மாதமே என்னை வேறு ஊர் முகாமுக்கு அனுப்பினார்கள். ஒரு அறைக்குள் ஆறு பெண்கள், ஒரு குசினி. நீங்கள் ஓய்வு கிடைக்கும் திங்கள்தோறும் மூன்று ரயில் மாறி வந்தீர்கள். ஒருநாள்கூட, "அண்டைக்கே கலியாணம் எழுதியிருந்தால் இப்பிடி அலையத் தேவையில்லை" என்று உங்கள் வாயில் வரவில்லை. ஐந்து நாளுக்காக ஏழு மாதம் அலைந்தீர்கள். பனி கொட்டிய ஒரு காலையில் பதிவு நடந்தது. சாட்சிக் கையெழுத்து மேம்சாவுடையது. பிறகு அவள் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு இம்பாலுக்குப் போய்விட்டாள்.

நீங்கள் லேசான மனிதர் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். யன்னலைத் திறந்தால் சண்டை, ஹீட்டரைக் கூட்டினால் சண்டை. ஒரு துண்டுக் காகிதத்தை எறியவிடமாட்டீர்கள். பழைய பஸ் ரிக்கெற்றைக்கூட ஓட்டைபோட்டுக் கோப்பில் கோத்து வைத்தீர்கள். எத்தனை சண்டையில் எத்தனை பழசைக் கிளறியிருக்கிறோம். தேவனை மட்டும் நீங்கள் ஒருபோதும் கையில் எடுக்கவில்லை. கோபத்தில்கூட இல்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று, மற்ற வீடுகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இந்த நான்கு நாளாக மகள் உங்கள் கோப்புகளைத் துப்புரவாக்குகிறாள். ஓய்வூதிய அலுவலகத்துக்கு எங்கள் கலியாணப் பத்திரம் வேண்டுமாம். இன்றைக்குப் புளித்த மீனைக் கொட்டிவிட்டு, பாணும் பட்டரும் தின்ற பிறகு ஒரு தாளோடு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, இது அப்பா கந்தோரில குடுத்த கடிதத்தின்ர கொப்பி. கலியாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்."

"ஓம், முத்திரை பிழையெண்டு" என்றேன்.

"முத்திரை எண்டு ஒண்டும் இல்லையே." ஜெர்மனில் வாசித்துவிட்டு எனக்குத் தமிழில் சொன்னாள். எழுத்து மேம்சாவுடையது, கீழே உங்கள் கோணல் கையெழுத்து. எங்கள் குடும்பத்தில் ஒரு மரணம் நிகழ்ந்துவிட்டது. எங்கள் வழக்கப்படி முப்பத்தொரு நாள் முடியும்வரை நான் திருமணம் செய்ய முடியாது. தயவுசெய்து வேறு நாள் தரவும்.

எங்கள் குடும்பத்தில். அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் இன்னும் உங்கள் குடும்பமே ஆகவில்லை அப்போது. உங்களைக் கட்டிக்கொள்ளலாமா என்று மனதுக்குள் இழுபட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் தேவனை முதலில் குடும்பத்துக்குள் எழுதிவிட்டு, பிறகு என்னை எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருஷமாக எனக்கு இதைச் சொல்லவும் இல்லை. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் உங்களோடு ஒரு நல்ல சண்டை பிடித்திருப்பேன், பிறகு காலில் விழுந்திருப்பேன்.

மகள் விடவில்லை. "எண்பத்தாறில அப்பான்ர பக்கத்தில ஒருத்தரும் சாகேல்லையே. ஆரம்மா செத்தது?"

உங்களுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டோம். கோயிலில் உங்கள் பெயர் சொல்லி அழைத்தார்கள், மகன் எள்ளுந் தண்ணியும் இறைத்தான், ஊர்ச் சனம் வந்து என் கையைப் பிடித்து அழுதார்கள். உங்களுக்காக அழ எனக்கு எல்லா உரித்தும் இருந்தது, ஒருவரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை. அந்த உரித்து இல்லாமல் நின்ற ஒருத்திக்கு அதைக் கையில் எடுத்துத் தந்தது நீங்கள். நான் உங்களிடமிருந்து கொண்டுபோவது அதுதான். இனி யாராவது சொல்ல முடியாத ஒரு சாவோடு என் வாசலில் வந்து நின்றால், என்ன உறவு என்று நான் கேட்கமாட்டேன்.

பிள்ளை இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டேன்.

"தேவன் எண்டு ஒருத்தர், பிள்ளை" என்றேன். "எங்கட ஆள்."